கேரள எல்லைத் தமிழர்களே, உங்கள் ஊர் இணையத்தின் கதை தெரியுமா?

வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், அட்டப்பாடி... இந்தப் பக்கம் பாலக்காடு. குமுளி, பீர்மேடு, தேவிகுளம், மூணாறு, மறையூர்... அந்தப் பக்கம் இடுக்கி. இந்த ஊர்களைப் பற்றிக் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "அங்கே டவரே கிடைக்காதே!" ஆனால் இந்திய அரசாங்கத்தின் ஐ.டி. வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். இந்த எல்லை மண்ணுக்கு அதில் இருக்கும் இடத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்! அரசுத் துறையின் ஐ.டி. தலைமை நாற்காலியில் ஒரு நல்ல அதிகாரி உட்கார்ந்தால், மலை உச்சியில் இருக்கும் பஞ்சாயத்து ஆபீஸ் வரை எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நாட்டிலேயே முதல் மாவட்டம் எது?

கிராமம்தோறும் அதிவேக இணையம் கொண்டுபோகும் தேசிய கண்ணாடி இழைத் திட்டத்தில் முழுமையாக இணைக்கப்பட்ட இந்தியாவின் முதல் மாவட்டம் எது? பெங்களூரா, ஹைதராபாத்தா? இல்லவே இல்லை. நம்ம இடுக்கி! 2015 ஜனவரி 12 அன்று அப்போதைய மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் இதைத் தொடங்கி வைத்தார். ரயிலே ஓடாத மாவட்டம், வளைவுக்கு வளைவு மண் சரியும் மலைச் சாலை. அங்கேதான் நாட்டின் முதல் வெற்றி! இன்று நாம் பாரத்நெட் என்று சொல்வது இதே திட்டத்தைத்தான்.

இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? வட்டார அளவில் இருக்கும் பி.எஸ்.என்.எல். எக்ஸ்சேஞ்ச் வரை கண்ணாடி இழை முன்பே வந்திருந்தது. அங்கிருந்து பஞ்சாயத்து ஆபீஸ் வரை இருந்த இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதும் என்பதுதான் திட்டத்தின் சூட்சுமம். தலைமுடி அளவே இருக்கும் கண்ணாடி இழை மண்ணுக்கடியில் ஓடிவந்து, ஆபீஸ் சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டியில் முடியும். உள்ளே வருவது வெறும் ஒளி. அந்தப் பெட்டி அதை மின் சைகையாக மாற்றி கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். ஒரு பஞ்சாயத்துக்கு வைத்த இலக்கு விநாடிக்கு 100 மெகாபிட்!

அதை நடத்திக் காட்டிய பெண் அதிகாரி யார்?

இந்தத் திட்டத்துக்காகவே மத்திய அரசு 2012-ல் தொடங்கிய பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் நிறுவனத்துக்கு, இடுக்கி இணைக்கப்பட்ட காலத்தில் தலைமை தாங்கியவர் அருணா சுந்தரராஜன் ஐ.ஏ.எஸ். இவர் 1982 பேட்ச் கேரள அதிகாரி. 1990-களின் கடைசியில் கேரளத்தில் ஐ.டி. துறை தலையெடுத்தபோது அதன் செயலராக இருந்தவரும் இவரேதான்! பிறகு மத்திய அரசில் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், 2017 முதல் 2019 வரை தொலைத்தொடர்புத் துறைச் செயலர் என்று உச்சப் பதவிகளுக்கு உயர்ந்தார். மாநிலத்தில் கற்ற பாடத்தை டெல்லிக்குக் கொண்டுபோனவர் இவர்.

ஆட்சியர் அலுவலக மொட்டைமாடிக்கு வானத்திலிருந்து வந்த தகவல்!

இணையம் என்ற பேச்சே ஊரில் இல்லாத 1980-களின் இறுதியிலேயே, இந்திய மாவட்டத் தலைநகரங்கள் செயற்கைக்கோள் வழியாக டெல்லியோடு பேசத் தொடங்கிவிட்டன. அந்த வலைப்பின்னலின் பெயர் நிக்நெட். 1976-ல் தேசிய தகவல் மையத்தை உருவாக்கி வளர்த்த என்.சேஷகிரியின் கனவு அது. மாநிலத் தலைநகரோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கம்ப்யூட்டர் போக வேண்டும் என்று அவர் பிடித்த பிடிதான், இன்று ஆட்சியர் அலுவலகம்தோறும் ஒரு மாவட்டத் தகவல் அதிகாரி இருப்பதற்குக் காரணம்.

ஜூன் 5: ஒரே தேதி, இரண்டு அதிசயம்!

1991 ஜூன் 5. மென்பொருள் ஏற்றுமதியின் தலையெழுத்தை மாற்றிய எஸ்.டி.பி.ஐ. என்ற மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு பிறந்தது. அப்போது மத்திய மின்னணுத் துறைச் செயலராக இருந்தவர், திருவனந்தபுரத்தில் பிறந்த என்.விட்டல்! கம்பெனிகளுக்கு செயற்கைக்கோள் இணைப்பையும், ஒரே இடத்தில் எல்லா அனுமதியையும் கொடுத்தது அந்த அமைப்பு.

32 வருடம் கழித்து, 2023 ஜூன் 5. கேரளம் தன் சொந்த இணைய வலைப்பின்னலான கே-ஃபோனைத் தொடங்கியது! 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பு, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்பது அதன் இலக்கு. கேபிள் எதன் மீது போகிறது? மின்வாரியத்தின் கம்பங்கள் மீதே! மின்சாரம் போன பாதையிலேயே இணையமும் போகிறது.

இதில் நமக்குப் பெருமை ஒன்று உண்டு. கே-ஃபோன் தொடங்கியபோது அதன் நிர்வாக இயக்குநர் டாக்டர் சந்தோஷ் பாபு. தமிழ்நாட்டின் ஐ.டி. துறைச் செயலராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கிருஷ்ணகிரி ஆட்சியராக இருந்தபோதே கிராமத்துப் பிள்ளைகளுக்கு பி.பி.ஓ. வேலை கொடுத்துக் காட்டியவர். தமிழ்நாட்டின் ஐ.டி. அனுபவம் எல்லை தாண்டி கேரளத்துக்குக் கைகொடுத்தது!

இரண்டு திறப்பு விழா, ஒரே ராமேஸ்வரத்துக்காரர்!

சான்றிதழ், பென்ஷன், ஆதார் என்று எதற்கும் நாம் ஓடும் அக்‌ஷயா சென்டர் எப்போது பிறந்தது? திட்டம் தொடங்கியது 2002 நவம்பர் 18. முதலில் நடைமுறைக்கு வந்தது மலப்புரம் மாவட்டத்தில். வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே முதல் இலக்கு. தொடங்கி வைத்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம்! 2005 ஜூலை 28-ல் கேரளத்தின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்!

தமிழில் வந்த பாடம்

அதே விக்டர்ஸ் 2020 ஜூன் 1 அன்று, கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. நடத்தியது கைட் என்ற அரசு நிறுவனம், தலைமை கே.அன்வர் சாதத். மலையாளத்தோடு முடிந்துவிடவில்லை. தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் தனி வகுப்புகள் வந்தன! தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளையும் தாய்மொழியில் பாடம் கேட்க முடிந்தது. மேலே இருப்பவர் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் மட்டுமே இப்படி நடக்கும்.

வாளையாறு வரிசை எங்கே போனது?

கோயம்புத்தூர் பக்கமிருந்து கேரளத்துக்குச் சரக்கு கொண்டுபோன எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வார், வாளையாறு செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்த கதையை. பேப்பர், முத்திரை, மீண்டும் பேப்பர்! 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சோதனைச் சாவடி என்பதே இல்லாமல் போனது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில். லாரி கிளம்பும் முன்பே விவரம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது.

எல்லை தாண்டும் ரேஷன் கார்டு

'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் கேரளம் 2020 தொடக்கத்திலும், தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபர் 1-லும் இணைந்தன. தேனியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் குடும்பம், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை வைத்திருந்தால், தன் பங்கை இங்கேயே விரல்ரேகை வைத்து வாங்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள்!

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு பகுதியில், ராஜமலை அருகே பெட்டிமுடி. மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்கடியில் போயின. 70 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டாகிக் கிடந்ததால் வெளி உலகத்துக்கு விஷயம் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். சிக்னல் என்பது சினிமா பார்க்க மட்டுமல்ல, உயிர் காக்கவும்தான். மலைக் குடியிருப்புகளுக்கு அறுந்துபோகாத இணைப்பு என்பதை, எந்த ஐ.டி. செயலரும் தன் பட்டியலில் முதல் வேலையாக எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்!

கடைசியாக, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 1969-ம் வருட கேரள ஆட்சிமொழிச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும்!

சட்டம் வந்தபோது காகிதமும் பேனாவும்தான் இருந்தன. இன்று விண்ணப்பம் திரைக்கு வந்துவிட்டது. உரிமையும் கூடவே திரைக்கு வர வேண்டாமா? கண்ணாடி இழையை மலை ஏற்றிய நாட்டுக்கு, ஒரு இணையதளத்தில் தமிழைச் சேர்ப்பதா பெரிய காரியம்! மென்பொருள் வாங்கும்போதே "தமிழும் வேண்டும்" என்று ஒரு வரி சேர்ப்பது, துறையின் ஐ.டி. தலைவர் கையில் இருக்கிறது.

அவரை அந்த வரியை எழுத வைப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை அக்‌ஷயா சென்டருக்கோ தாலுகா ஆபீஸுக்கோ போகும்போது, தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் மனுவைத் தமிழிலேயே எழுதி, தேதி போட்டு, ரசீது வாங்கி வையுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று பேசுங்கள். உரிமை நம்முடையது, கூச்சப்படாமல் கேளுங்கள்!