கை கால் சொன்னபடி கேட்காத பிள்ளை

"ஐயா, புள்ளைக்கு ஒன்றரை வயசாச்சு. இன்னும் கால் ஊன மாட்டேங்குது. ஒரு கைய மடக்கியே வச்சிருக்கு. எலும்புல ஏதும் பழுதா?"

பிள்ளை மடுவத்துக்கும் லயத்துக்கும் போய்வருகிற எங்களிடம் தாய்மார் இப்படிக் கேட்பதுண்டு. கேட்பதற்கு முன்னால் அவர்கள் பல வைத்தியம் பார்த்திருப்பார்கள். எண்ணெய் தேய்த்து உருவியிருப்பார்கள். கோயிலில் கயிறு கட்டியிருப்பார்கள். டவுனில் சத்து மருந்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள். மாமியார் வீட்டில், "கிரகணத்தன்னைக்கு வெளிய போனா, அதான்" என்று ஒரு பேச்சும் கேட்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு எலும்பிலோ தசையிலோ பழுதில்லை. கையும் காலும் பிறக்கும்போது நல்லபடியாகத்தான் இருந்தன. பழுது மூளையில், அசைவுக்கு உத்தரவு கொடுக்கிற பகுதியில் இருக்கிறது. இதற்கு மூளைவாதம் என்று பெயர். பெருமூளை வாதம் என்றும் சொல்வார்கள். இதைப் பற்றி நாம் எல்லோரும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கொழுந்து பறிக்கும் கைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நீங்கள் முதன்முதலாக மலைக்குப் போன நாளை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்க எவ்வளவு பாடு! கண் செடியிலேயே இருக்கும். விரல் ஓரிடம் போகும், கொழுந்து வேறிடம் இருக்கும். தோளும் கழுத்தும் வலிக்கும். இன்றைக்குப் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே இரண்டு கையாலும் பறிக்கிறீர்கள். கை தானாகப் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் மூளைதான் பழகிக்கொண்டது.

தலையின் மேற்பகுதியில், ஒரு காதிலிருந்து மறு காது வரை துணி கட்டினால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அந்த இடத்தில் அசைவுக்கான மூளைப் பகுதி இருக்கிறது. விரலுக்கு ஓர் இடம், வாய்க்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம் என்று அங்கே பிரிவு உண்டு. அங்கிருந்து புறப்படும் நரம்பு இழைகள் கீழே வந்து, கழுத்துக்குச் சற்று மேலே பெரும்பாலும் பக்கம் மாறி, முள்ளந்தண்டு வழியாகத் தசைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. அதனால்தான் இடப்பக்க மூளை வலக்கையையும், வலப்பக்க மூளை இடக்கையையும் ஆட்டுகின்றன.

"மடக்கு" என்று சொல்வது மட்டும் மூளையின் வேலை அல்ல. "தளர்த்து" என்றும் அது சொல்ல வேண்டும். எவ்வளவு பலம் வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பின்தலையிலுள்ள சிறுமூளை சரிபார்க்கிறது. வேண்டாத அசைவுகளை அடக்கிவைப்பது மூளையின் ஆழத்திலுள்ள வேறொரு பகுதி. அதேநேரம் கையும் காலும், "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று மூளைக்குத் திருப்பிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். போகிற செய்தி, வருகிற செய்தி இரண்டும் ஒழுங்காக இருந்தால்தான் ஒரு கொழுந்து ஒழுங்காகக் கூடைக்கு வரும்.

மூளைவாதத்தில் நடப்பது என்ன?

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்படும் சேதம்தான் இது. ஸ்டோரில் ரோலர் நல்லபடி இருந்தும் கரண்ட் கொண்டுவரும் வயர் பழுதானால் ரோலர் ஓடாது அல்லவா? அதுபோலத்தான். அந்தச் சேதம் பிறகு பெருகுவதில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசை இறுகி, மூட்டு மடங்கி, உடம்பு கோணிப் போகும்.

"தளர்த்து" என்ற செய்தி போகாவிட்டால் தசை எப்போதும் விறைத்தே இருக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இந்த வகைதான். குறைமாதப் பிள்ளைகளுக்கு மூளையின் நடுப்பகுதியில் சேதம் வருவதுண்டு. காலுக்குப் போகும் இழைகள் அதன் அருகே ஓடுவதால் இரண்டு காலும் விறைத்து, கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். ஒரு பக்க மூளை பழுதானால் மறுபக்கக் கையும் காலும் பாதிக்கப்படும். மூளையின் ஆழப்பகுதி பழுதானால் பிள்ளை நினைக்காமலே கைகால் நெளியும். சிறுமூளை பழுதானால் தள்ளாட்டம்.

இங்கிலாந்தின் வைத்தியர் வில்லியம் லிட்டில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த நோயை விரிவாக எழுதினார். கஷ்டமான பிரசவமே காரணம் என்றார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் அது ஒரு சிறு பங்குதான் என்று காட்டின. குறைமாதப் பிறப்பு, வயிற்றில் இருக்கும்போது வரும் தொற்று, பிறந்த சில நாளில் வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், தலையில் பலத்த அடி என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் கிரகணம் காரணமல்ல. தாய் செய்த பாவமும் காரணமல்ல. இதைக் குடும்பத் தலைவர்கள் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும்.

நீங்கள் ஓர் எட்டு வைப்பதும் அந்தப் பிள்ளை ஓர் எட்டு வைப்பதும்

மூளை வேலை செய்யும்போது மிகச் சிறிய மின்சாரம் எழும். மனிதனின் தலைக்கு வெளியிலிருந்தே அதைப் பதிவு செய்யலாம் என்று 1924இல் ஜெர்மனியின் வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் கண்டுபிடித்தார். இன்று சிறு தகடுகள் பொருத்திய தொப்பியைப் போட்டு, பிள்ளை நடக்கும்போதே மூளையின் வேலையைப் பார்க்கிறார்கள். மூளைவாதமுள்ள பிள்ளைகள் நடக்கும்போது, அசைவுக்கான மூளைப் பகுதி மற்றப் பிள்ளைகளை விட அதிகமாக வேலை செய்வதை இப்படிக் கண்டிருக்கிறார்கள். காலிலிருந்து திரும்பி வரும் செய்தி மூளையில் மங்கலாகப் பதிவதையும் வேறு கருவிகளால் கண்டிருக்கிறார்கள்.

அதாவது அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள் மலைக்குப் போனது போலத்தான். "சோம்பேறி, முயற்சியே இல்ல" என்று நாம் ஏசும் பிள்ளை, ஒரு பீங்கானை எடுக்க நம்மைவிடப் பெரிய வேலை செய்கிறது. களைத்துப்போனால் அது பாசாங்கு அல்ல. அவசரப்படுத்தினால், பயமுறுத்தினால் விறைப்பு இன்னும் கூடும்.

ஒரு கையை அசைத்தால் மற்றக் கையும் சேர்ந்து அசையும் பிள்ளைகளும் உண்டு. சேதமான பக்கத்தின் வேலையை நல்ல பக்க மூளை சேர்த்துச் செய்யும்போது இப்படி நடக்கும். அது குறும்பு அல்ல, அதட்ட வேண்டாம்.

நாங்கள் செய்த பிழை

இதை எழுத எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு டிவிசனில் கணக்கெடுக்கப் போனோம். தாய் கொழுந்து மலையில், தகப்பன் கவ்வாத்து மலையில். காம்பராவின் மூலையில் சாக்கு விரித்து ஆறு வயதுப் பையன் ஒருவன் கிடந்தான். தலை நிற்கவில்லை, வாயில் எச்சில், பேச்சில்லை. நாங்கள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மூளை வளர்ச்சி இல்லை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

இரண்டு வருடம் கழித்து மழைக்கு அதே காம்பராவில் ஒதுங்கினோம். அக்கா பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏழெட்டு அம்பத்தஞ்சு" என்றாள். மூலையிலிருந்து சத்தமாக ஒரு சிரிப்பு. "நான் பிழையா சொன்னா இவன் இப்படித்தான் சிரிப்பான்" என்றாள் அக்கா. சோதித்துப் பார்த்தோம். சரியாகச் சொன்னால் பேசாமல் இருந்தான். பிழையாகச் சொன்னால் சிரித்தான். மூலையில் கிடந்தே பத்தாம் வாய்ப்பாடு வரை படித்திருந்தான்.

பதிவேட்டை அன்றே திருத்தினோம். போன இரண்டு வருடப் படிப்பை எதைக்கொண்டு திருத்துவது?

அசைவு வேறு, அறிவு வேறு. மூளைவாதமுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிவுக் குறைபாடு இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் நடக்கிறார்கள். நான்கில் மூன்று பேர் பேசுகிறார்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1932இல் ஒரு கொத்தனார் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டி பிரவுனுக்கு இடது கால் மட்டுமே சொன்னபடி கேட்டது. ஐந்து வயதில் அந்தக் காலால் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தார். தாய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். 1954இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அந்தத் தாய் வீடு நிறையப் பிள்ளைகளோடு கஷ்டப்பட்டவர்தான்.

எப்போது கிளினிக்குக்குக் காட்ட வேண்டும்?

* நாலு மாதமாகியும் தலை நிற்காவிட்டால், கை எப்போதும் பொத்தியே இருந்தால்.
* தூக்கும்போது கால் விறைத்துப் பின்னிக்கொண்டால், அல்லது உடம்பு துணி மாதிரித் தொய்ந்தால்.
* ஒன்பது மாதமாகியும் பிடிக்காமல் உட்காராவிட்டால், ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால்.
* ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தால். "எங்க புள்ள பீச்சாங்கைக்காரன்" என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த வயதில் பிள்ளை இரண்டு கையையும் ஒன்றுபோலப் பாவிக்க வேண்டும்.
* பிறந்த பிள்ளை மஞ்சளாகிப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருத்துவமாதுவிடம் சொன்னால் கிளினிக் வழியாக மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பணம் கட்டத் தேவையில்லை. முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் விறைப்பைக் குறைக்கும் மருந்தும் ஊசியும் உண்டு, பயிற்சி உண்டு. சின்ன வயதில் மூளை புது வழி பழகும் சக்தி அதிகம். ஆகவே நாள் கடத்தக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

எண்ணெய் தேய்ப்பது பிள்ளைக்குச் சுகமாக இருக்கலாம். ஆனால் நாம் உருவுவதால் மூளை பழகாது. பிள்ளை தானே முயலும்போதுதான் மூளை பழகும். பழகியதால்தானே உங்கள் கைக்குக் கொழுந்து வந்தது? பிடித்த சாமானைக் கைக்குக் கொஞ்சம் எட்டாத இடத்தில் வையுங்கள். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள். சிந்தினாலும் தானே சாப்பிடட்டும். கழுத்துக்கும் முதுகுக்கும் அணை கொடுத்து உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள். படுக்கவைத்து ஊட்டினால் புரைக்கேறும், மூச்சுக்குழாயில் போய்ச் சளிக்காய்ச்சலாகும். வலித்து அழும்படி காலை இழுக்க வேண்டாம். முக்கியமாக, பிள்ளையோடு பேசுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். கண்ணும் சிரிப்பும் பதில்தான்.

அங்கவீனம் என்ற காரணத்துக்காகப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதிபரிடம் பேச வேண்டுமானால் நாங்கள் கூட வருகிறோம்.

உங்கள் லயத்தில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை உள்ளேயே கிடந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். கோள் சொல்வதாக யாரும் நினைக்க மாட்டார்கள். இனிமேல் நாங்கள் முதலில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவோம். பதிவேட்டைப் பிறகுதான் திறப்போம்.