எந்த ஊர்க் குடிமகன்?

குடிமகன் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று; அதற்கு நாம் இன்று கொடுக்கும் பொருள்தான் புதிது. அகராதியைப் புரட்டினால் நற்குடியிற் பிறந்தவன் என்று ஒரு பொருளும், ஊருக்கு ஊழியம் செய்யும் நாவிதர் முதலியோர் என்று மற்றொரு பொருளும் காணலாம். உயர்ந்தவர் என்று கொண்டாடப்பட்டவரையும், அவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவரையும் ஒரே சொல் குறித்து வந்தது விந்தையே. அதற்கு ஈடாக நெடுங்காலம் வழங்கிய ‘பிரஜை’ என்னும் சொல்லோ, அரசன் ஒருவன் மேலே இருப்பதை நினைவூட்டுவது. அரசர்கள் போன பிறகு அச்சொல்லும் மெல்ல ஒதுங்கிற்று. மதுக்கடையை ஒட்டி எழுந்த சிலேடையால் ‘குடிமகனு’க்கும் இப்போது சிறிது இழுக்கு நேர்ந்திருக்கிறது. ஆயினும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு இதைவிட நல்ல சொல் இன்னும் கிடைத்தபாடில்லை.

சொல் கிடைத்துவிட்டது, அதற்குரியவன் யார்? சிறப்பாக, பிறந்தது ஓரிடமும் பிழைப்பது ஓரிடமுமாக வாழும் நம்மைப் போன்றோர் எந்த ஊர்க் குடிமக்கள்?

நமது அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்தது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையுள்ள ஷரத்துகள் அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே, 1949 நவம்பர் 26 அன்றே, நடைமுறைக்கு வந்துவிட்டன. குடியரசுக்கு முன்பே குடிமக்கள் பிறந்துவிட்டனர் எனலாம். இவர்கள் இந்தியாவின் குடிமக்களேயன்றி எந்த ஒரு மாநிலத்தின் குடிமக்களும் அல்லர். அமெரிக்காவில் நிலைமை வேறு. 1868 இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தத்தின்படி, அங்குள்ள குடிமகன் நாட்டுக்கும், தான் வசிக்கும் மாநிலத்துக்கும் ஒருங்கே குடிமகனாவான். நம் நாட்டுக்கு அந்த இரட்டை முறை வேண்டாம், எந்த மாநிலத்தில் வசித்தாலும் இந்தியன் ஒவ்வொருவனுக்கும் ஒரே குடியுரிமைதான் என்பதை, 1948 நவம்பர் 4 அன்று நகல் சட்டத்தை அரசியல் நிர்ணய சபையின் முன் வைத்தபோது டாக்டர் அம்பேத்கர் விளக்கினார்.

இது வெறும் தத்துவமன்று. இந்தியாவின் எப்பகுதியிலும் குடியேறி வாழ 19 ஆவது ஷரத்து உரிமை தருகிறது. பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ மட்டும் காட்டி அரசாங்க வேலை மறுக்கலாகாது என்று 16 ஆவது ஷரத்து கூறுகிறது. மாநில அரசுப் பணிக்கு அம்மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்று விதிக்கும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு மட்டுமே உண்டு. மாநிலச் சட்டசபைக்கு இல்லை.

எனினும் குறைகளை மறைப்பது முறையாகாது. பட்டியல் சாதிகள் மாநிலந்தோறும் தனித்தனியே அறிவிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு மாநிலத்தில் அச்சலுகை பெற்றவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அங்கே அதைக் கோர முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1990 இல் தீர்ப்பளித்தது. ஊரை விட்டு வந்தும் சாதியின் சுமை கூடவே வர, அதற்கு ஈடாகத் தந்த பாதுகாப்பு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. இதனை நான் நியாயம் என்று கருதவில்லை. சட்டம் தந்த உரிமையைத் தெரு மறுத்த காலமும் உண்டு. 1960 களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டவருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறர் நம்மை அயலார் என்று சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். நாமே நம்மை அவ்வாறு கருதிக்கொள்வதை என்னென்பது?

நான் வசிக்கும் வடநாட்டு நகரத்தில், எங்கள் தெருச் சாக்கடை மழைக்காலந்தோறும் வீட்டு முற்றம் வரை வருவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் நாலைந்து பேர் அப்பகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு மனுவோடு சென்றோம். அங்கிருந்தவர் மனுவைப் படிக்கவில்லை. வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, கையொப்பமிட்டவர்களின் பெயர்களைத் தேடினார். முப்பதுக்கு மேற்பட்ட தமிழ்க் குடும்பங்களில் ஆறு குடும்பங்களின் பெயர்களே அதில் இருந்தன. பட்டியலை மூடிவிட்டு அவர் எங்களுக்குத் தேநீர் தருவித்தார். அந்த உபசாரம் எனக்கு மிகுந்த கூச்சத்தை உண்டாக்கிற்று. ஏனெனில் விருந்தினருக்குச் செய்யும் உபசாரம் அது. பெயர் இல்லாதவர்களுள் நானும் ஒருவன். என் பெயர் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரின் பட்டியலில் இருந்தது. அங்கே நான் வாக்களித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த வீட்டுப் பெரியவரோ, “நாம் வந்த இடத்தில் இருக்கிறவர்கள், நமக்கெதற்கு இந்த ஊர் வம்பு?” என்றார். அவர் வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இவ்விஷயத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒருவர் எந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் பதிவாக வேண்டும். ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதிய காரணமாகாது என்று 20 ஆவது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. தாத்தா கட்டிய வீடும், வருஷத்துக்கொரு முறை அதற்கு அடிக்கும் வெள்ளையும் நம்மை அவ்வூர் வாக்காளராக்கா. அதே வேளையில், சில காலம் வெளியூர் சென்று திரும்புவதால் உரிமை போய்விடாது. இராணுவத்தில் பணிபுரிவோர் போன்ற சிலருக்குச் சொந்த ஊரிலேயே பதிவு செய்துகொள்ளத் தனி ஏற்பாடு உண்டு. உள்நாட்டில் பணிபுரியும் என் போன்ற சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு இல்லை. இரண்டு இடங்களில் பெயர் வைத்துக்கொள்வதும் கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி அளித்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். புதிதாகச் சேர்பவர் 6 ஆம் படிவத்தையும், வேறிடத்தில் ஏற்கெனவே பெயருள்ளவர் 8 ஆம் படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும்.

வீட்டுத் தலைவர் தம் பெயரைச் சேர்த்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதும் நம்மிடையே காணும் ஒரு குறை. முதற் பொதுத் தேர்தலுக்காகப் பட்டியல் தயாரித்தபோது, வடமாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்லத் தயங்கி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். அவ்வாறு பதிய இயலாது என்று தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் உறுதியாக நின்றதால், ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. இன்று அந்தத் தயக்கம் இல்லை. ஆயினும் எங்கள் தெருவில் பெயர் இருந்த ஆறு குடும்பங்களிலும், மூன்றில் மனைவியின் பெயர் இல்லை.

குடியிருக்கும் ஊரின் காரியத்தில் கலந்துகொண்டால் தமிழை விட்டுவிட நேரும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அதற்கு ஆதாரமில்லை. தன் மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமையை 29 ஆவது ஷரத்து தருகிறது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்று 1956 இல் சேர்க்கப்பட்ட 350 ஏ ஷரத்து மாநிலங்களைப் பணிக்கிறது. கேட்பவர் பெயர் பட்டியலில் இருந்தால், அந்தப் பணி நினைவுக்கு வருவதும் எளிதாகும் அல்லவா?

அடிப்படைக் கடமைகள் 1976 இல் பத்தாகச் சேர்க்கப்பட்டு, 2002 இல் பதினொன்றாயின. அவற்றுள் வாக்களிப்பது இடம்பெறவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பொதுச் சொத்தைக் காப்பதும், மதம், மொழி, பிரதேச வேறுபாடுகளைக் கடந்து சகோதர உணர்வை வளர்ப்பதும் அதில் உள்ளன. வாக்களிப்பதைச் சட்டம் நம் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

அந்த மழைக்காலத்துக்குள் எங்கள் சாக்கடை சீராகவில்லை. அவ்வாண்டுக் கடைசியில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் பெயர் பதிந்துகொண்டன. இரண்டாவது மனுவை எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆசிரியர் நல்ல ஹிந்தியில் எழுதிக் கொடுத்தார். தம் பெயரையும் தாமாகவே அதில் சேர்த்துக்கொண்டார். மறு வருஷம் குழாய் மாற்றினார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் அறுபத்து மூன்றாம் வயதில் அவ்வூரில் முதன்முறையாக வாக்களித்துத் திரும்பி, விரலில் இட்ட மை பூஜை செய்யும்போது உறுத்துகிறது என்று ஒரு வாரம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.