முகர்ந்தறியும் கருவி

கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில், காய்ச்சல் கண்டு தேறியெழுந்த எனக்கு மூக்கு இருந்தும் இல்லாததாயிற்று. அடுக்களையில் வேகும் நெய்ச்சோறும் தெரியவில்லை. கையில் பூசிய அத்தரும் தெரியவில்லை. ஒருநாள் அதிகாலை தேநீர் போட அடுப்பருகே சென்று தீப்பெட்டியை எடுத்தேன். "வாப்பா, பத்தவைக்காதீங்க! கேஸ் நாறுது!" என்று மகள் பின்னாலிருந்து அலறினாள். ரப்பர்க் குழாயில் வெடிப்பு! எனக்கோ எந்த வாடையும் எட்டவில்லை.

அன்பு வாசகர்களே! சமையல் எரிவாயுவுக்குத் தனக்கென்று குறிப்பிடத்தக்க வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டுமென்றே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். ஆக, அந்த எச்சரிக்கை முழுவதும் நம் மூக்கை நம்பியே இருக்கிறது. சளி பிடித்தவரும் முதியவரும் என்ன செய்வார்கள்?

ஜப்பானியரான நவோயோஷி தாகுச்சி 1962இல் இதற்கொரு வழி கண்டார். வெள்ளீய ஆக்ஸைடைச் சூடாக்கி வைத்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைத் தடுக்கும். எரியும் வாயு வந்து அந்த ஆக்ஸிஜனை அகற்றினால் மின்னோட்டம் பெருகும், மணி ஒலிக்கும். இத்தகைய கருவியொன்றை நானும் வாங்கி மாட்டினேன். ஒரு ஜும்ஆ நாளில் மகன் ஸென்ட் தெளித்துக்கொண்டான். கருவி வீடே அதிரக் கத்தியது! ஸென்ட்டிலுள்ள ஆல்கஹாலும் எரிவாயுவும் அதற்கு ஒன்றே.

இக்குறையைத் தீர்க்கும் சிந்தனை 1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகிய இருவரும் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட உணரிகளைச் சேர்த்து மாதிரி மூக்கொன்றைச் செய்தனர். ஒவ்வோர் உணரியும் பல வாசனைகளுக்கு அசையும். ஆனால் ஒரே அளவில் அசையாது. அந்த ஏற்ற இறக்கங்களின் கோலமே வாசனையின் அடையாளம். நம் மூக்கின் வழியும் இதுவே. அதிலுள்ள ஏறத்தாழ 400 வகை உணர்விகளின் கூட்டுச் செய்தியைக் கொண்டே மூளை மல்லிகையையும் ரோஜாவையும் பிரித்தறிகிறது. அவ்வுணர்விகளுக்குரிய மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவி தானாக எதையும் அறியாது. 'இது பால், இது கெட்ட பால்' என்று பலமுறை முகரக் கொடுத்துப் பழக்கவேண்டும். புதிதாக வரும் பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதில் வியப்பில்லை! பழக்கிய பின்னும் ஈரப்பதம் கூடினால் தடுமாறும். உணரிகள் முதுமையடைந்தால் மீண்டும் கற்பிக்கவேண்டும். எனினும், 1998இல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்திலேயே இத்தகைய கருவி ஏறிச் சென்றது.

வீடுகளுக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை உணரிக் கருவியே. ஸென்ட்டுக்குக் கத்தினாலும் பரவாயில்லை, அதை மாட்டிவையுங்கள். அது ஒலித்தால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஆதலால் கருவி தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கவேண்டும். நான் முதலில் அலமாரிக்கு மேலே மாட்டியிருந்தேன். பின்னரே கீழே இறக்கினேன்.