சந்திரனில் காற்றை நிரப்ப முடியுமா?

சிதம்பரத்தை ஆகாயத் தலம் என்றும், காளத்தியை வாயுத் தலம் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். “அப்படியானால் சந்திரனில் சிதம்பரம் இருக்கிறது, காளத்தி இல்லை, சார்!” என்றார் என் மாணவர் ஒருவர். வகுப்பே சிரித்தது. அவர் விடவில்லை. “நாமே காற்றைக் கொண்டுபோய் நிரப்பினால் என்ன?” என்று கேட்டார். “ஈர்ப்பு போதாது, நிற்காது” என்பது பாடப்புத்தக விடை. அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், அந்த விடை பாதி உண்மையே என்று தெரிந்தது. அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

முதலில், சந்திரனில் வாயு அறவே இல்லை என்பது சரியன்று. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 கலத்திலிருந்து பிரிந்து நிலவில் மோதிய ஆய்கலம், விழும் வழியிலேயே அங்குள்ள வாயுக்களை அளந்தது. பின்னர் சந்திரயான்-2 இன் சுற்றுகலம் ஆர்கான் வாயு அங்கே பரவியிருப்பதை அளந்து காட்டியது. ஆனால் எத்தனை மெல்லியது! கடலூர் வெள்ளிக் கடற்கரையில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஏறத்தாழ 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் உள்ளன. நிலவின் தரையருகே சில லட்சம் அணுக்களே. நிலவின் ‘வளிமண்டலம்’ முழுவதையும் திரட்டினால் சில பத்து டன்களுக்குள் அடங்கிவிடும்.

நாம் மூச்சுவிட எவ்வளவு தேவை? நைட்ரஜனை விட்டுவிடுவோம். ஆக்சிஜன் மட்டும் 20,000 பாஸ்கல் அழுத்தத்தில் இருந்தால் போதும். அதாவது புவியின் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. (தூய ஆக்சிஜனில் தீ எளிதில் பரவும். அந்தக் கவலை இப்போது வேண்டாம்.) காற்றழுத்தம் என்பது தலைக்கு மேலுள்ள காற்றின் எடையே அன்றோ? சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. ஆகவே அதே அழுத்தத்தைப் பெற ஆறு மடங்கு வாயுவை அடுக்க வேண்டும். புவியில் சதுர மீட்டருக்கு 2 டன் ஆக்சிஜன் செய்கிற வேலைக்கு, அங்கே 12 டன்னுக்கு மேல் தேவை! ஈர்ப்புக் குறைவு செலவையும் குறைக்கும் என்று நான் எண்ணியிருந்தேன், அது கூட்டுகிறது. சந்திரன் முழுவதற்கும் 4.7 கோடி கோடி டன் வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது? வால்மீன்களைத் திசைதிருப்பி மோதவிடலாம் என்பது ஒரு யோசனை. 1986இல் வந்துபோன ஹாலி வால்மீனின் நிறை சுமார் 22 ஆயிரம் கோடி டன். அது முழுவதும் ஆக்சிஜனே என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதுபோல் இரண்டாயிரத்துக்கு மேல் தேவைப்படும்.

இன்னொரு வழி, நிலவின் பாறையையே உடைப்பது. 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான்-3 இன் பிரக்யான் ஊர்தி, லேசர் கதிரால் மண்ணைச் சுட்டுப் பார்த்தபோது அதில் ஆக்சிஜன் இருப்பது தெரிந்தது. (அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து ஊரான விழுப்புரத்துக்காரர்.) நிலவு மண்ணின் நிறையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன்தான். ஆனால் அது சிலிக்கானோடும் உலோகங்களோடும் இறுகப் பிணைந்துள்ளது. சிலிகாவிலிருந்து ஒரு கிலோ ஆக்சிஜனைப் பிரிக்கக் குறைந்தது 8 யூனிட் மின்சாரம் வேண்டும். நமக்கு வேண்டிய அளவுக்கு, சந்திரன் முழுவதையும் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். மின்சாரம்? நெய்வேலிப் புதிய அனல்மின் நிலையத்தின் திறன் 1000 மெகாவாட். அதுபோன்ற ஒரு நிலையம் 42 கோடி ஆண்டுகள் இடைவிடாது ஓட வேண்டும்.

சரி, எப்படியோ நிரப்பிவிட்டோம். நிற்குமா? சந்திரனிலிருந்து விடுபடும் வேகம் நொடிக்கு 2.4 கிலோமீட்டர். நண்பகல் வெப்பத்திலும் ஆக்சிஜன் மூலக்கூறின் சராசரி வேகம் அரை கிலோமீட்டர் அளவே. ஆகவே அது உடனே ஓடிவிடாது. இன்றைய மெல்லிய வாயுவைச் சூரியக் காற்றும் புற ஊதாக் கதிரும் துடைத்துவிடுகின்றன. அடர்ந்த மண்டலத்தை அவ்வளவு எளிதில் துடைக்க முடியாது. ஒரு லட்சம் டன்னைத் தாண்டினாலே நிலைமை மாறத் தொடங்கும் என்று 1974இல் ரிச்சர்ட் வாண்ட்ராக் என்ற அறிஞர் கணக்கிட்டார். ஆனால் உச்சி அடுக்கில் கதிர்கள் மூலக்கூறுகளை உடைத்துச் சூடேற்றும். அங்கே வேகம் மிகுந்த அணுக்கள் ஒவ்வொன்றாக நழுவும். காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும், கோடிக்கணக்கில் நிற்காது. ‘நிற்காது’ என்ற என் விடை பாதி உண்மை என்றது இதனால்தான். தடை நிற்பதில் அன்று, நிரப்புவதில்.

இங்கேதான் சமையலறைப் பக்கம் பார்க்க வேண்டும். கொதிக்கும் பானையின் மூடி எழும்பாதிருக்க என்ன செய்கிறோம்? மேலே ஒரு கல்லை வைக்கிறோம். அழுத்தத்துக்கு வேண்டியது எடை. அந்த எடை வாயுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே! சதுர மீட்டருக்கு 12 டன் ஆக்சிஜனுக்குப் பதில் 12 டன் பாறையை மூடியாக வைத்தால் போதும். அது 4 மீட்டர் தடிமன்தான்.

அப்படிப்பட்ட மூடிகள் அங்கே ஆயத்தமாக உள்ளன. பண்டைக் காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகைகள் அவை. புயற்கடல் எனப்படும் சமவெளியில் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் நீளமும் 120 மீட்டர் உயரமும் கொண்ட, இடிந்துவிழாத ஒரு குகையைச் சந்திரயான்-1 எடுத்த படங்களில் இந்திய அறிவியலாளர் கண்டறிந்து 2011இல் வெளியிட்டனர். அகலம் சுமார் 360 மீட்டர். அதை நிரப்ப ஏறக்குறைய 15 ஆயிரம் டன் ஆக்சிஜன் போதும். முன்னே 42 கோடி ஆண்டுகள் ஓட்டிய அதே மின்நிலையம், இதற்கு ஐந்து நாள் ஓடினால் போதும்! நடைமுறையில் இழப்புகள் சேர்ந்து பல மடங்காகலாம், ஆகட்டுமே. விரிசல்களை அடைப்பது பெரும்பாடு. வாயில்களுக்கு இரட்டைக் கதவு வேண்டும். ஆனால் இவை பொறியாளர் கையில் உள்ள வேலைகள்.

அடுத்த பௌர்ணமி மாலையில் வெள்ளிக் கடற்கரைக்குப் போங்கள். நிலா நீரிலிருந்து எழும்போது கடைசியாக வெளிவரும் கீழ்ப்பகுதியில் பரந்த கருமை தெரியும். அதுதான் புயற்கடல். அந்தக் குகை அதற்குள்தான் இருக்கிறது.