பாரிசவாதமும் காந்தச் சிகிச்சையும் – நாம் அறிந்திருக்க வேண்டியவை

எங்கள் ஊர்களில் பாரிசவாதம் வந்தவரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: "இனி அந்தக் கை வராது." எண்ணெய் தேய்ப்போம், நேர்த்தி வைப்போம், கட்டிலில் இருத்திச் சோறு தீத்துவோம். இப்போது "காந்தத்தால் மூளையைத் தூண்டிக் கையை வரப்பண்ணலாமாம்" என்ற பேச்சும் காதில் விழுகிறது. இதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் நோயாளியின் நம்பிக்கையும், எமது காசும், திரும்பி வராத காலமும் இதில் அடங்கியிருக்கின்றன.

காந்தம் என்ன செய்கிறது?

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் மூளையின் ஒரு பகுதி இறந்துபோவதே பாரிசவாதம். இறந்த கலங்கள் மீள்வதில்லை. ஆனால் மீதமுள்ள பகுதிகள் அந்த வேலையை ஓரளவு பழகிக்கொள்ளும். அந்தப் பழக்கத்துக்கு உதவுவதே காந்தத் தூண்டலின் நோக்கம்.

மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்தார். நாம் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் உள்ள மின்மாற்றிகளும் இந்த விதிப்படியே இயங்குகின்றன. 1985 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அன்ரனி பார்க்கரும் அவரது குழுவினரும் கம்பிச் சுருள் ஒன்றைத் தலைமேல் பிடித்து, கணப்பொழுதில் தோன்றி மறையும் காந்தத் துடிப்பைச் செலுத்தினர். மண்டையோட்டைத் திறக்காமலே மூளை தூண்டப்பட்டுக் கைத்தசை துடித்தது.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிச் சமநிலையில் இருப்பவை. ஒரு பாதி பழுதடைந்தால் மற்றப் பாதி அதை அளவுக்கு மீறி அடக்கக்கூடும். ஆகவே நல்ல பக்கத்துக்கு வினாடிக்கு ஒரு துடிப்பாக மெதுவாகக் கொடுத்து அதைச் சற்று அமைதிப்படுத்துவது ஒரு முறை. பழுதடைந்த பக்கத்துக்கு வினாடிக்கு 5 அல்லது அதற்கு மேலான துடிப்புகளைக் கொடுத்து அதை உசுப்புவது இன்னொரு முறை. 2005 இல் லண்டன் ஆய்வாளர்கள், துடிப்புகளைக் கொத்துக்கொத்தாகக் கொடுத்து, சில நிமிடங்களிலேயே மூளையில் மாற்றத்தை உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் 12 நிலையங்களில் 199 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2018 இல் வெளியாயிற்று. இவர்கள் பாரிசவாதம் வந்து 3 முதல் 12 மாதங்கள் ஆனவர்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான காந்தம். மற்றவர்களுக்குப் போலிச் சுருள். கைப்பயிற்சி எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. முடிவில், உண்மைக் காந்தம் பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேரும் போலி பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். அதாவது, இரு பகுதியினரும் தேறினார்கள். இரு பகுதியினருக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி.

அதற்காக இம்முறையைக் கைகழுவிவிட முடியாது. 2020 இல் ஐரோப்பிய நிபுணர் குழுவொன்று பல ஆய்வுகளையும் சீர்தூக்கிப் பார்த்தது. பாரிசவாதம் வந்த ஆரம்ப மாதங்களில், நல்ல பக்கத்துக்கு மெதுவான துடிப்பு கொடுப்பது கை தேறுவதற்கு உதவும் என்பதற்கு உறுதியான சான்று உண்டு என அக்குழு கூறியது. ஆனால் பாதிப்பு மிகப் பெரிதானவர்களுக்கு நல்ல பக்கமே துணையாக இருக்கக்கூடும். அதை அடக்குவது பாதகமாகலாம். எனவே யாருக்கு எந்த முறை பொருந்தும் என்பதே இன்று ஆய்வாளர்கள் தேடும் விடை. நியூசிலாந்தின் ஓக்லண்டில் கதி ஸ்ரினியரும் குழுவினரும், காந்தத்தைச் சிகிச்சைக்கு அன்றிச் சோதனைக்குப் பயன்படுத்துகிறார்கள். மூளையிலிருந்து கைக்குச் செய்தி போய்ச் சேருகிறதா என்று ஆரம்ப நாட்களிலேயே பார்த்து, கை எவ்வளவு தேறும் என்று கணிக்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

காந்த வளையலும் காந்த மெத்தையும் இதுவல்ல. அவற்றின் காந்தம் மாறுவதில்லை. ஆகவே மூளையில் மின்னோட்டம் எதையும் உண்டாக்காது. அவற்றுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

தலையில் உலோகம், காதினுள் பொருத்திய கேட்கும் கருவி, இதயத் துடிப்புக் கருவி உள்ளவர்களும், வலிப்பு வந்தவர்களும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எம்மவர் சிலரின் உடலில் இன்னும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. பழைய கதைதானே என்று மறைக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்கும் இந்த விபரம் அவசியம்.

யாராவது இச்சிகிச்சையைச் சிபாரிசு செய்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது வழமையான சிகிச்சையா, ஆய்வா? இதோடு கைப்பயிற்சியும் உண்டா? எங்கள் ஆளின் பாதிப்புக்கு இது ஏன் பொருந்தும்? ஆய்வு என்றால் சேர்வதும் இடையில் விலகுவதும் உங்கள் உரிமை. இவற்றைப் பேசப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போகாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

காந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். கோப்பையைப் பிடிக்கவும், சட்டைப் பொத்தானைப் போடவும், சோற்றைத் தானே பிசையவும் அப்பாவை விடுங்கள். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். அன்பினால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால், அந்தக் கை பழகுவதற்கு இடமே இல்லாமற் போய்விடும்.