ஒரு கிலோமீட்டர் வரிசையும் 38ஏ பிரிவும்

2020 மே மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஜெனீவாவின் வெர்னே ஐஸ் ஹாக்கி அரங்குக்கு வெளியே விடிகாலை 5 மணிக்கே ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போனது வரிசை. மணிக்கணக்கில் கால்கடுக்க நின்றவர்கள் கையில் கிடைத்தது அரிசி, பாஸ்தா என ஏறக்குறைய 20 பிராங்க் பெறுமானமுள்ள ஒரு பை. தனியார் வங்கிகளுக்கும் ஐ.நா. அலுவலகங்களுக்கும் பேர்போன ஊர் அது. அங்கே வீடு துடைத்தவர்கள், பிள்ளை பார்த்தவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவியவர்கள், ஊரடங்கில் வேலை நின்றதும் அடுப்பும் அணைந்து வரிசைக்கு வந்தார்கள். பலரிடம் வசிப்பிட அனுமதி இல்லை. அனுமதி இருந்தவர்களும் வந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அரசின் சமூக உதவியை நாடினால் அனுமதியே பறிபோகலாம் என்று அஞ்சினார்கள். அது வீண் பயமல்ல. சுவிஸ் வெளிநாட்டவர் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 ஜூன் 18 அன்று, ஜெனீவா கான்டன் (சுவிஸ் மாநிலம்) வாக்காளர்களில் 67 சதவீதத்துக்கும் மேலானோர் தங்கள் அரசியல் சாசனத்தில் 38ஏ பிரிவைச் சேர்க்க ஒப்புதல் தந்தார்கள். போதுமான உணவு பெறவும் பசியிலிருந்து காக்கப்படவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. சுவிட்சர்லாந்தில் இப்படி எழுதிய முதல் கான்டன் ஜெனீவாதான். இது வெறும் அலங்காரம் என்று சொல்பவர்கள், நெருக்கடியில் இருப்பவருக்கு உதவி உண்டு என்று கூட்டாட்சி அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறதே என்கிறார்கள். சொல்கிறது, ஆனால் அது உயிர் தரிக்கத் தேவையான குறைந்தபட்சம். போதுமான உணவு என்பது வேறு. சத்தும் தரமும் அதில் அடங்கும், உண்பவரின் பழக்கத்துக்கு அது ஏற்றதாகவும் இருக்க வேண்டும். உணவுரிமையை உள்ளடக்கிய ஐ.நா. உடன்படிக்கையில் சுவிட்சர்லாந்து 1992இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் பெரும்பாலான பிரிவுகளை, சட்டமியற்றுவோருக்கான வழிகாட்டலாகவே சுவிஸ் உச்ச நீதிமன்றம் பார்த்து வந்திருக்கிறது. தனிமனிதர் அதைக் காட்டி வழக்காட முடியாத நிலையில், உள்ளூர்ச் சாசனத்தில் ஒரு பிடிமானம் தேவைப்பட்டது.

எழுத்து சோறு போடுமா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. உயிர்வாழும் உரிமையை அடிப்படையாக வைத்துத் தொடரப்பட்ட வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று நம் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த மதிய உணவை, ஆண்டுக்கு 200 நாளாவது தர வேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. உரிமை என்று ஏற்றால்தான் இப்படிக் கிராம் கணக்கில் கேட்க முடியும். தானமாக வரும் பையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

உணவுரிமை சோம்பலை வளர்க்கும் என்ற வாதம் வெர்னே வரிசையின் முன் நிற்காது. அங்கே நின்றவர்கள் அந்த ஊரின் உழைப்பாளிகள். உணவுரிமை என்றால் அரசே சமைத்துப் போடுவது என்றும் பொருளில்லை. 2020 செப்டம்பரில் ஜெனீவா மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்சக் கூலியும் உணவுக்கான வழிதான். இதில் பெரிய முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டவர் சட்டம் கூட்டாட்சியின் கையில். கான்டன் அதை மாற்ற முடியாது. ஆகவே உணவு உதவியைச் சமூக உதவிக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். வாங்குவோர் பெயர் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்பதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். இல்லையென்றால், 2020இல் உதவி கேட்கப் பயந்தவர் இன்றும் 38ஏ பிரிவைத் தொடப் பயப்படுவார்.