முதல் வயலின் வாங்கப் போறீங்களா? கார்டை எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

கார், பைக், ஃபோன், வீட்டுக் கடன்னு நிறைய பேசியாச்சு. இந்த வாரம் கொஞ்சம் வேற மாதிரியான ஒரு செலவு: வயலின்.

சம்பளம் வர ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நம்மில் பல பேருக்கு ஒரு பழைய ஆசை எட்டிப் பார்க்கும். சின்ன வயசுல பாட்டு கிளாஸ், வயலின் கிளாஸ் எல்லாம் பக்கத்துத் தெரு பிள்ளைங்களுக்குத்தான். நம்ம வீட்டுல ஸ்கூல் ஃபீஸ் கட்டவே அப்பா மாசக்கடைசியில யார்கிட்டயாவது கைமாத்து வாங்கியிருப்பார். இப்போ நம்ம கையில காசு இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு ஆன்லைன்ல தேடினா "முழு செட், பெட்டி, வில், ரெசின் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐநூறு"ன்னு ஒண்ணு கண்ணுல படும். அதுக்குப் பக்கத்துலயே இருபத்தஞ்சாயிரத்துக்கு ஒண்ணு, "நோ காஸ்ட் இ.எம்.ஐ"யோட. எதை அமுக்கறது?

என்னைக் கேட்டா, அன்னிக்கு ராத்திரி ரெண்டையுமே வேண்டாம்னுதான் சொல்வேன். காரணம் சொல்றேன்.

நாலாயிரத்து ஐநூறு ரூபாய் வயலின் ஏன் விலை அதிகம்?

கிடார்ல ஃப்ரெட் இருக்கும். விரலை ஏறக்குறைய சரியான இடத்துல வச்சாலே சுரம் சரியா வந்துடும். வயலின்ல அது கிடையாது. விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் காது கண்டுபிடிச்சிடும். அதனால கருவி நமக்கு ஒத்துழைக்கணும். ரொம்ப மலிவான பெட்டி வயலின்ல பிரச்சனையே அங்கதான்.

பிரிட்ஜை அந்த வயலினுக்கு ஏத்த மாதிரி செதுக்காம, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நிறுத்தி வச்சிருப்பாங்க. தந்தி ரொம்ப உயரத்துல நிக்கும். பொதுவா ஃபிங்கர்போர்டு முடியற இடத்துல மெல்லிய தந்திக்கும் பலகைக்கும் நடுவுல 3லிருந்து 3.5 மி.மீ, தடிமனான தந்திக்கு 5லிருந்து 5.5 மி.மீ இடைவெளி இருந்தா போதும். அதைவிட ரொம்ப உயரமா இருந்தா ஒவ்வொரு சுரத்துக்கும் விரலைப் பலமா அழுத்தணும். அழுத்த அழுத்தத் தந்தி இழுபட்டு சுருதி ஏறும். கர்நாடக சங்கீதத்துல கமகத்துக்காக விரலைத் தந்தி மேலேயே வழுக்கிட்டுப் போகணும். அந்த உயரத்துல அது நடக்காது, விரல் நுனிதான் எரியும்.

அடுத்தது பெக், அதாவது தந்தி சுத்தற முறுக்காணி. சரியா பொருந்தாத பெக் வழுக்கிக்கிட்டே இருக்கும். சட்ஜம் சேர்த்துட்டு பஞ்சமத்துக்குப் போறதுக்குள்ள சட்ஜம் இறங்கிடும். ஆபீஸ் முடிச்சு வந்து கிடைக்கிறதே அரை மணி நேரம். அதுல இருபது நிமிஷம் சுருதி சேர்க்கறதுலயே போனா என்ன ஆகும்?

மூணாவது மாசம் "எனக்கு சங்கீதம் வராது போல"ன்னு ஒரு முடிவுக்கு வந்துடுவோம். பெட்டி பரண்ல ஏறிடும். நாலாயிரத்து ஐநூறு போனதுகூடப் பரவாயில்லைங்க. இருபது வருஷமா வச்சிருந்த ஒரு ஆசையை, பொருந்தாத ஒரு மரத்துண்டு சொன்னதை நம்பி விட்டுடறோம் பாருங்க, அந்த நஷ்டத்தை எந்த எக்ஸெல் ஷீட்லயும் போட முடியாது.

அப்போ இருபத்தஞ்சாயிரம் வயலின்?

நல்ல கருவியாவே இருக்கலாம். ஆனா முதல்ல முழு வருஷச் செலவைப் பார்ப்போம். கணக்குக்காக, கையில வர்ற சம்பளம் ரூ.40,000ன்னு வச்சுக்குவோம். வயலின் ரூ.18,000. கிளாஸ் மாசம் ரூ.2,000, வருஷத்துக்கு ரூ.24,000. ஒரு தடவை தந்தி மாத்தறது, ரெசின், சின்னச் சின்ன ரிப்பேர்னு ஒரு ரூ.3,000. மொத்தம் ரூ.45,000. உங்க ஊர்ல, உங்க ஆசிரியர்கிட்ட இந்தத் தொகைகள் மாறும், அதனால உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. ஆனா ஒரு விஷயம் பெரும்பாலும் மாறாது: முதல் வருஷத்துல கருவியைவிட கிளாஸுக்குத்தான் அதிகம் செலவாகும். பட்ஜெட் முழுக்க வயலின்ல போட்டுட்டு "வீடியோ பார்த்தே கத்துக்கறேன்"னு சொல்றவங்களைப் பார்த்திருப்பீங்க. வீடியோ சேனல் நடத்தற நானே சொல்றேன், வில்லைப் பிடிக்கிற கைவாகை வீடியோவால திருத்த முடியாது. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து உங்க சுண்டுவிரலைத் தொட்டு "இதை மடக்குங்க"ன்னு சொல்லணும்.

இப்போ அந்த நோ காஸ்ட் இ.எம்.ஐ. ரூ.18,000, ஆறு மாசம், மாசம் ரூ.3,000. இதுல வட்டி இல்லைன்னு அர்த்தம் இல்ல. வட்டிக்குச் சமமான தொகையை விலையில தள்ளுபடியா கழிச்சுட்டு, வங்கி அதை வட்டியா வசூல் பண்ணிக்கும். வருஷம் 15% வட்டின்னு வச்சா அது சுமார் ரூ.762. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி ரூ.137, இது உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் ரூ.199ன்னு வச்சா வரியோட ரூ.235. ஆக மொத்தம் ரூ.372.

நேர்மையா சொல்லணும்னா இது பெரிய தொகை இல்ல. நான் இ.எம்.ஐ வேண்டாம்னு சொல்றதுக்கு இந்த 372 காரணமே இல்ல. தினமும் வாசிப்போமா மாட்டோமான்னு நமக்கே தெரியறதுக்கு முன்னாடி, இ.எம்.ஐ நம்மளை வாங்க வச்சிடுது. அதுதான் காரணம். கிளாஸை விட்டு நின்ன பிறகும் மூணு மாசத் தவணை பாக்கி இருக்கும். அதுல ஒரு மாசம் கார்டு பில் முழுசா கட்ட முடியாம போச்சுன்னா, மாசம் 3.5% வட்டின்னு வச்சாலே வருஷத்துக்குக் கூட்டு வட்டியில 51% வரும். ஏற்கெனவே கார்டுல பாக்கி வச்சிருக்கறவங்க வயலினை இப்போதைக்கு மறந்துடுங்க. அந்தப் பாக்கியை முடிச்சுட்டு வாங்க.

முதல்ல கிளாஸ், அப்புறம் கருவி

வரிசையை மாத்துங்க. முதல்ல ஆசிரியரைத் தேடுங்க. பல ஆசிரியர்கள்கிட்ட பழைய வயலின் ஒண்ணு ரெண்டு இருக்கும். முதல் மூணு மாசத்துக்கு இரவலாவோ வாடகைக்கோ கிடைக்குமான்னு கூச்சப்படாம கேளுங்க. அந்த மூணு நாலு மாசமும் ரூ.5,000 தனியா எடுத்து வைங்க. நாலு மாசத்துல ரூ.20,000 தயார். ஆர்.டி போடலாமான்னு கேட்பீங்க. பெரும்பாலான வங்கிகள்ல ஆர்.டி குறைந்தது ஆறு மாசம். இவ்வளவு குறைஞ்ச காலத்துக்கு வேற ஒரு சேமிப்புக் கணக்கோ லிக்விட் ஃபண்டோ போதும். வட்டி ஒண்ணும் பெருசா வராது. சம்பளக் கணக்குலேயே கிடந்தா பிரியாணியா போயிடும், அதுக்காகத்தான் தனியா.

இதுல இன்னொரு நல்லது இருக்கு. நாலு மாசத்துல உங்க காதும் கையும் கொஞ்சம் பழகியிருக்கும். கடையில நாலு வயலினை எடுத்து வச்சா வித்தியாசம் உங்களுக்கே தெரியும். முதல் நாள் போனா தெரியாது, வார்னிஷ் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்குவோம்.

எந்த முறை கத்துக்கப் போறீங்கங்கறதும் முன்னாடியே தெரியணும், ஏன்னா செலவு அதுக்கேத்த மாதிரி மாறும். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆனா முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து, ஏறக்குறைய இருநூறு வருஷமா அது நம்ம கச்சேரி மேடையில இருக்கு. கருவி அதேதான், பிடிக்கிற விதம் வேற. கர்நாடக முறையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினோட சுருள் தலையை வலது கால் கணுக்கால் பக்கத்துல ஊன்றி வாசிப்பாங்க. அதனால "முழு செட்"ல சேர்த்து விற்கிற ஷோல்டர் ரெஸ்ட் நமக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அதுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மேற்கத்திய முறையில ஜி, டி, ஏ, இன்னு சுருதி சேர்ப்பாங்க. நம்ம முறையில ச-ப-ச-ப, அதுவும் பெரும்பாலும் அதைவிட இறக்கி. தந்தி தளர்வா நிக்கும்கறதால எந்த செட் தந்தி போடணும்னு ஆசிரியரைக் கேட்டுட்டு வாங்குங்க. நாலு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் இருந்தா ஆரம்பத்துல பெரிய உதவி.

அளவு பத்தி ஒரு வரி: பெரியவங்களுக்கு 4/4தான். 3/4, 1/2 எல்லாம் குழந்தைகளுக்கு.

கடையில என்ன பார்க்கணும்

சென்னையில அண்ணா சாலைப் பக்கம் பழைய இசைக்கருவிக் கடைகள் இருக்கு. 1842லிருந்து இருக்கற மியூசி மியூசிகல் அங்கதான். எந்த ஊர்ல எந்தக் கடையா இருந்தாலும், கையில எடுத்து வாசிச்சுப் பார்க்க விடற கடைக்குப் போங்க. முடிஞ்சா ஆசிரியரையோ சீனியர் மாணவரையோ கூட்டிட்டுப் போங்க. ஆட்டோ காசும் ஒரு டிபனும் உங்க செலவு. இந்த மொத்த பட்ஜெட்ல அதைவிட லாபமான செலவு கிடையாது.

வயலினைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, சுருள் பக்கத்திலிருந்து ஃபிங்கர்போர்டைப் பாருங்க. கோணல் இல்லாம பிரிட்ஜ் நடுவுக்கு நேரா போகணும். பிரிட்ஜோட ரெண்டு காலும் பலகையில இடைவெளி இல்லாம பதிஞ்சிருக்கணும். நல்ல வயலின்ல ஃபிங்கர்போர்டு கருங்காலி. மலிவானதுல வேற மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பாங்க, கொஞ்ச நாள்ல விரல் படற இடம் வெளுத்துடும். மேல் பலகை ஸ்ப்ரூஸ், பின் பலகை மேப்பிள். பெக்கைத் திருப்பினா வழுவழுன்னு சுத்தணும், விட்ட இடத்துல நிக்கணும். விரல் முட்டியால ஓரங்களை மெதுவா தட்டிப் பாருங்க. எங்கயாவது கடகடன்னு சத்தம் வந்தா அங்க ஒட்டு விட்டிருக்கும்.

மேல் பலகையில இருக்கற துளை வழியா உள்ளே பார்த்தா சின்னதா ஒரு குச்சி நிக்கும். அதுதான் சவுண்ட் போஸ்ட். அதைப் பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டாங்க, ரெண்டு பலகைக்கும் நடுவுல அழுத்தத்துலதான் நிக்குது. அதை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே நாதம் மாறும். என்னிக்காவது விழுந்துட்டா தந்தியை முறுக்காதீங்க. எல்லாத் தந்தியையும் தளர்த்திட்டு ரிப்பேர்காரர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.

உள்ளே "ஸ்டிராடிவேரியஸ்"னு லேபிள் ஒட்டியிருந்தா சிரிச்சுட்டு விட்டுடுங்க. ஸ்டிராடிவாரி 1737ல இறந்துட்டார். அவர் பேர்ல லேபிள் ஒட்டின தொழிற்சாலை வயலின் உலகம் முழுக்க எக்கச்சக்கம்.

அந்தப் பேரை எடுத்ததால ஒரு சின்ன கணக்கு, நம்ம வாசகர்களுக்குப் பிடிக்கும். அவர் 1721ல செய்த "லேடி பிளன்ட்" வயலின் 1971ல 84,000 பவுண்டுக்கு ஏலம் போச்சு. 2011ல சுமார் 98 லட்சம் பவுண்ட். நாற்பது வருஷத்துல வருஷத்துக்கு ஏறக்குறைய 12.6% வளர்ச்சி, இன்ஷூரன்ஸ், பராமரிப்புச் செலவு கழிக்கறதுக்கு முன்னாடி. உலகத்துலேயே புகழ்பெற்ற வயலின்கள்ல ஒண்ணே அவ்வளவுதான் கொடுத்திருக்கு. அதனால "இது ஒரு முதலீடு சார்"னு கடைக்காரர் ஆரம்பிச்சா, எஸ்.ஐ.பி ஏற்கெனவே போயிட்டிருக்குன்னு சொல்லிடுங்க.

செட்டப்பைத் தவிர்க்காதீங்க. ஒரே விலையில ரெண்டு வயலின் இருந்தா, பிரிட்ஜைச் செதுக்கி, பெக்கைச் சரி பண்ணி, சவுண்ட் போஸ்ட்டை நிறுத்திக் கொடுக்கிற கடையில வாங்குங்க. பேரம் பேசறதா இருந்தா விலையைக் குறைக்கச் சொல்றதைவிட, நல்ல தந்தியும் செட்டப்பும் சேர்த்துத் தரச் சொல்லிப் பேசுங்க. ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட அது உங்களுக்கு அதிகம் பிரயோஜனம்.

வில்லையும் தனியா பாருங்க. குச்சி நேரா இருக்கணும், நடுவுல முடியைப் பார்த்து உள்பக்கமா வளைஞ்சிருக்கணும். வாசிச்சு முடிச்சதும் முடியைத் தளர்த்தி வைக்கணும், இல்லைன்னா அந்த வளைவு போயிடும்.

பரண்ல தூங்கற வயலின்கள்

மேல சொன்ன மாதிரி மூணு மாசத்துல விட்டவங்க எத்தனை பேர் இருப்பாங்க! அவங்கள்ல சிலர் நல்ல வயலினும் வாங்கியிருப்பாங்க. ஃபோன் மாதிரி வயலின் ரெண்டு வருஷத்துல பழசாகாது. நல்லா வச்சிருந்தா பத்து வருஷம் ஆனதும் அப்படியே வாசிக்கும். புதுசுல ரூ.18,000 செலவழிக்கிறதுக்குப் பதிலா, அதே தரத்துல பழசு கிடைச்சா மிச்சத்தை ரெண்டு மூணு மாசக் கிளாஸுக்குக் கட்டலாம். ஆனா ஆசிரியர் பார்க்காம பணம் கொடுக்காதீங்க. ஓரத்துல ஒட்டு விட்டிருந்தா பயப்பட வேண்டாம், அது சுலபமான ரிப்பேர். மேல் பலகையிலோ பின் பலகையிலோ, சவுண்ட் போஸ்ட் நிக்கிற இடத்துல விரிசல் இருந்தா, எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம். தந்தியும் வில் முடியும் தேறாதுன்னு முன்கூட்டியே வச்சுக்கிட்டு விலை பேசுங்க. மூடின பெட்டியில வருஷக்கணக்கா கிடந்தா பூச்சி முடியை அரிச்சிருக்கும்.

வாங்கின பிறகு மே மாச வெயில்ல காருக்குள்ள வச்சுட்டு ஆபீஸ் போயிடாதீங்க. அந்தச் சூட்டுல ஒட்டு விட்டுடும்.

அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க எலக்ட்ரிக் வயலின் யோசிக்கவே வேண்டாம். பிரிட்ஜ் மேல மாட்டற ரப்பர் மியூட் ஒண்ணு வாங்கிக்குங்க. வயலின் விலையோட பார்த்தா அது சில்லறைக் காசுதான். உலோகத்துலயும் வருது, ஆனா கை தவறி விழுந்தா மேல் பலகையில வடு விழும். முதல் ஆறு மாசம் உங்க சரளி வரிசையைக் கீழ் வீட்டுக்காரர் கேட்காம இருக்கறது ரெண்டு பேருக்குமே நல்லது.